கெரடோகோனஸ் உள்ள ஆட்டிசப் பிள்ளைக்குக் காண்டாக்ட் லென்ஸ்: வீட்டார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என் தம்பிக்கு ஆட்டிசம். பதின்வயதில் கெரடோகோனஸும் சேர்ந்துகொண்டது. திருமங்கலம் பக்கத்திலிருந்து மதுரைக்குப் போய்வந்து, இப்போது இரண்டு கண்ணிலும் லென்ஸ் போடுகிறான். சிறப்புப் பள்ளி வாசலில் பிள்ளைக்காகக் காத்திருக்கும் பெற்றோரும், போனில் கூப்பிடும் சொந்தக்காரர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றைச் சேர்த்து எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, கூட இருந்து செய்த அக்கா. எந்த மருந்து, எந்த லென்ஸ், எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் உங்கள் கண் டாக்டர் சொல்ல வேண்டியவை. "அவன்" என்று எழுதியிருந்தாலும் பெண் பிள்ளைகளுக்கும் இதேதான்.

கெரடோகோனஸ் என்றால் என்ன? கண்ணாடி போட்டால் சரியாகாதா?

கண்ணின் முன்பக்கத்தில், வாட்ச் கண்ணாடி மாதிரி, ஒளி உள்ளே போகும் மூடி ஒன்று இருக்கிறது. அதுதான் கருவிழி, டாக்டர்கள் கார்னியா என்பார்கள். நல்ல கண்ணில் அதன் நடுப்பகுதி ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். கெரடோகோனஸில் அது கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து கூம்பாக முன்னால் தள்ளிக்கொண்டு வரும். பெரும்பாலும் பதின்வயதில் தொடங்கி, இருபதுகளில் கூடி, முப்பது நாற்பது வயதில் ஓரளவு நின்றுவிடும். சின்ன வயதிலேயே வந்தால் வேகமாக வளரும், அதனால் தள்ளிப்போடக் கூடாது.

ஆரம்பத்தில் கண்ணாடி உதவும். வளர வளர கருவிழியின் முகப்பு கோணல்மாணலாகிவிடும். ஒரு விளக்கு நாலைந்தாகத் தெரியும், எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் எழுத்து தெரியும், ராத்திரி எதிரே வரும் வண்டி வெளிச்சம் சிதறும். இந்தக் கோணலைக் கண்ணாடியால் நேராக்க முடியாது. கெட்டியான லென்ஸ் ஒன்று கண்மேல் உட்கார்ந்தால், லென்ஸுக்கும் கண்ணுக்கும் நடுவில் கண்ணீரோ சலைனோ நிரம்பி மேடுபள்ளத்தை நிரவிவிடும். ஒளி லென்ஸின் வழவழப்பான முகப்பு வழியாகப் போகும். கண்ணாடியில் தெரியாத வரி லென்ஸில் தெரிவது இதனால்தான்.

ஆட்டிசம் இருப்பதால் இது வந்ததா?

இல்லை. ஆனால் கண்ணைக் கசக்குவது இந்த நோய்க்குப் பெரிய தூண்டுதல், நம் பிள்ளைகளில் பலர் கண்ணைக் கசக்குவார்கள். சிலர் விரல் முட்டியால் அழுத்துவார்கள். அழுத்தும்போது உள்ளே மின்னும் வெளிச்சம் அவர்களுக்குப் பிடிக்கும், அல்லது அந்த அழுத்தமே ஆறுதலாக இருக்கும். அலர்ஜி அரிப்பும் சேர்ந்தால் கை கண்ணைவிட்டு இறங்காது. வெயிலும் புழுதியும் உள்ள நம் பக்கத்தில் கண் அலர்ஜி சாதாரணம், ஆடிக் காற்று தொடங்கினால் கேட்கவே வேண்டாம்.

டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். குடும்பத்திலும் வரலாம் என்பதால் கூடப் பிறந்தவர்களுக்கும் ஒரு தடவை ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது நல்லது. எனக்கும் எடுத்தார்கள்.

பேசாத பிள்ளைக்குப் பார்வை குறைகிறது என்று எப்படித் தெரியும்?

பழக்கம் மாறுவதைப் பாருங்கள். போனை மூக்கோடு ஒட்டிப் பார்ப்பது, தலையைச் சாய்த்து ஒரு கண்ணை மட்டும் வைத்துப் பார்ப்பது, வாசல் வெயிலுக்கு முகத்தைத் திருப்புவது, சாயங்காலம் படியில் காலைத் துழாவுவது, பிடித்த படப் புத்தகத்தைத் திடீரென்று தொடாமல் விடுவது. ஒவ்வொரு செக்கப்பிலும் சிலிண்டர் பவர் (கருவிழியின் கோணலுக்காகக் கண்ணாடியில் கொடுக்கும் பவர்) ஏறிக்கொண்டே போவது இன்னொரு முக்கியமான அடையாளம்.

இதையெல்லாம் "ஆட்டிசத்தில் இப்படித்தான் இருக்கும்" என்று ஒதுக்கிவிடுவது எனக்கு மனது ஆறாத விஷயம். பிள்ளைக்குக் கோபம் கூடினால் முதலில் பல், காது, வயிறு, கண் நான்கையும் பார்க்க வேண்டும். எழுத்து வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரிசோதனை செய்யலாம். கண்ணுக்குள் ஒளி அடித்துப் பார்க்கும் ரெட்டினோஸ்கோப்பிக்கு அவன் பதிலே சொல்ல வேண்டியதில்லை. கருவிழியின் வடிவத்தை எடுக்கும் டோப்போகிராஃபி ஸ்கேனுக்குச் சில நொடிகள் தாடையை வைத்து உட்கார்ந்தால் போதும். சில மெஷின்களில் உள்ளே வட்டத்துக்குள் வட்டமாக வெளிச்சக் கோடுகள் தெரியும். என் தம்பிக்கு அது அவ்வளவு பிடித்துவிட்டது, எழுந்திருக்க மாட்டேன் என்றான்.

கசக்காதே என்றால் கேட்கவில்லை. என்ன செய்வது?

கையைத் தட்டிவிடுவதால் பயனில்லை, பாயில் படுத்த பிறகு கசக்குவான். முதலில் அரிப்பு இருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டுங்கள். அலர்ஜிக்குச் சொட்டு மருந்து போட்டாலே கசக்குவது நின்றுவிடும் என்று நம்பிக் காத்திருக்காமல், கூடவே கைக்கு வேறு வேலையும் கொடுங்கள். கண் அரித்தால் குளிர்ந்த ஈரத்துணியை மூடிய இமைமேல் வைக்கலாம். அழுத்தம்தான் வேண்டுமென்றால், விழியை விட்டுவிட்டு புருவ எலும்பையோ நெற்றிப்பொட்டையோ அழுத்தப் பழக்கலாம். எங்கள் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் சொன்ன யோசனை இது, எங்களுக்குப் பலித்தது. வெளியே போனால் பக்கமும் மூடிய சாதாரணக் கண்ணாடி புழுதியையும் தடுக்கும், கையையும் தடுக்கும். குப்புறப் படுத்துக் கண்ணைத் தலையணையில் அழுத்துகிறானா என்றும் கவனியுங்கள்.

மெடிக்கலில் கேட்டு வாங்கும் அரிப்புச் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருக்கலாம். நீண்ட நாள் போட்டால் கண் பிரஷரும் கண்புரையும் வரலாம். டாக்டர் எழுதிக்கொடுக்காத எதையும் கண்ணில் விடாதீர்கள்.

லென்ஸ் போட்டால் நோய் நிற்குமா? சி3ஆர் என்கிறார்களே, அது என்ன?

இரண்டும் வேறு. லென்ஸ் பார்வைக்கு, சி3ஆர் நோயை நிறுத்துவதற்கு. கருவிழிமேல் ரைபோஃபிளேவின் என்ற வைட்டமின் பி2 சொட்டை விட்டு, புற ஊதாக் கதிரைக் குறிப்பிட்ட நேரம் காட்டி, கருவிழியின் இழைகளை இறுக்குவார்கள். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர மருத்துவர்கள் மனிதர்களுக்குச் செய்து 2003-ல் வெளியிட்ட முறை இது. அதில் கதிர் காட்டும் நேரம் 30 நிமிடம். இப்போது அதைவிடக் குறைந்த நேரத்தில் செய்யும் முறைகளும் உண்டு. ஸ்கேனில் நோய் வளர்வது தெரிந்தால் லென்ஸுக்கு முன்னால் இதைத்தான் பேசுவார்கள். அசையாமல் படுக்க முடியாத பிள்ளைக்கு முழு மயக்கம் கொடுத்துச் செய்யலாம், தயங்காமல் கேளுங்கள்.

செய்த பிறகு இரண்டு மூன்று நாள் நன்றாகவே வலிக்கும், கண் கூசும். ஒரு மெல்லிய கட்டு லென்ஸ் கண்ணில் இருக்கும், அதைக் கசக்கக் கூடாது. அந்த நாட்களுக்கு வீட்டை இருட்டாக்கி, வலி மருந்தை நேரத்துக்குக் கொடுத்து, ராத்திரி கூட ஒருவர் படுத்துக்கொள்ள வேண்டும். லென்ஸ் அளவு எடுப்பது கண் ஆறிய பிறகுதான், எப்போது என்பதை டாக்டர் சொல்வார்.

எந்த லென்ஸ் நல்லது?

ஆரம்ப நிலையில் சாஃப்ட் லென்ஸே போதுமாக இருக்கலாம். அதைத் தாண்டினால் பொதுவாக இரண்டு வழி. ஒன்று ஆர்ஜிபி என்ற சின்ன கெட்டி லென்ஸ், கருவிழிமேல் உட்காரும். போடுவதும் எடுப்பதும் சுலபம், விலையும் குறைவு. ஆனால் இமை ஒவ்வொரு தடவை மூடித் திறக்கும்போதும் அதன் ஓரம் உரசுவது தெரியும், பழக நாளாகும். காற்றில் வரும் ஒரு தூசி அடியில் போனால் உயிர் போகிற மாதிரி உறுத்தும். இன்னொன்று ஸ்க்லீரல் லென்ஸ். பெரியது, கண்ணின் வெள்ளைப் பகுதியில் உட்கார்ந்து கருவிழியைத் தொடாமல் பாலமாக நிற்கும். உள்ளே போன பிறகு பெரும்பாலோருக்கு இருப்பதே தெரியாது, தூசியும் சுலபத்தில் போகாது. ஆனால் சலைன் நிரப்பிக் குனிந்து போட வேண்டும், ஒரு பெரிய வட்டம் கண்ணை நோக்கி வருவதைப் பார்க்க வேண்டும், விலையும் கூடுதல். இவை தவிர நடுவில் கெட்டியும் ஓரத்தில் சாஃப்டும் உள்ள ஹைப்ரிட், சாஃப்ட் லென்ஸ்மேல் ஆர்ஜிபி வைக்கும் முறை என்றும் உண்டு.

தொடு உணர்ச்சி அதிகமான பிள்ளைக்கு ஸ்க்லீரல்தான் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். என் தம்பிக்கு அது பொருந்தியது உண்மை. ஆனால் போடும் அந்த ஒரு நிமிடம் முடியாதா, நாள் முழுக்க உரசுவது முடியாதா என்று உங்கள் பிள்ளையைப் பார்த்து நீங்கள்தான் சொல்ல வேண்டும். லென்ஸ் பொருத்துபவருக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய தகவல் அதுதான்.

மதுரையில் எங்கே போவது? கூட்டத்தைப் பார்த்தாலே ஓடிவிடுகிறானே?

கருவிழிப் பிரிவும் காண்டாக்ட் லென்ஸ் பிரிவும் ஒரே இடத்தில் உள்ள மருத்துவமனையாகப் பாருங்கள், சாதாரணக் கண்ணாடிக் கடையில் இது ஆகாது. மதுரை இதில் கொடுத்துவைத்த ஊர். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை அண்ணா நகரில் இருக்கிறது. தென் மாவட்டங்களிலிருந்து நிறையப் பேர் மதுரைக்குக் கண் காட்ட வருகிறார்கள். அதனால் கூட்டமும் அப்படித்தான் இருக்கும். எந்த மருத்துவமனையாக இருந்தாலும் முதலில் பிள்ளை இல்லாமல் நீங்கள் மட்டும் போய்வாருங்கள். நாற்காலி, தாடை வைக்கும் மெஷின், இருட்டு அறை, காத்திருக்கும் இடம் ஆகியவற்றை அனுமதி கேட்டுப் போட்டோ எடுங்கள். ஆட்டிசம் என்று முன்பே சொல்லி, கூட்டம் குறைவான நேரம் எது, வெளியே மர நிழலில் நின்றால் போனில் கூப்பிடுவார்களா என்று கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள், கேட்காமல் விடுவதுதான் நாம்.

கண்ணின் நடுவில் உள்ள கறுப்புப் பாப்பா விரிய விடும் சொட்டு மருந்தையும் லென்ஸ் சோதனையையும் ஒரே நாளில் வைக்க வேண்டாம் என்று சொல்லிப்பாருங்கள். சொட்டு போட்டால் மணிக்கணக்கில் கண் கூசும், அன்றைக்குப் பிள்ளை ஒத்துழைக்க மாட்டான். சித்திரைத் திருவிழா நாட்களில் தேதி வாங்காதீர்கள். பஸ்ஸில் மாட்டுத்தாவணி வந்து இறங்குபவர்கள், இறங்கின உடனே ஓட வேண்டாம். ஒரு டீ குடித்து, அவன் மூச்சு ஆறின பிறகு போகலாம்.

வீட்டில் எப்படித் தயார்படுத்துவது?

இந்தக் கேள்விக்குத்தான் நிறைய சொல்ல ஆசைப்படுகிறேன். லென்ஸ் பொருத்துவதில் முக்கால்வாசி வீட்டிலேயே நடந்துவிடுகிறது.

முதலில் ஒரு நேரமும் இடமும் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் பல் துலக்கியதற்குப் பிறகு, இட்லிக்கு முன்னால். அடுப்படிக்கு வெளியே உள்ள மேசை, அதே துண்டு, அதே சின்னக் கண்ணாடி. அவன் இரண்டு உள்ளங்கையையும் மேசைமேல் பதித்து வைத்தால் "தயார்" என்று அர்த்தம். ஒரு கையைத் தூக்கினால் "நிறுத்து". கை தூக்கினால் நான் என்ன செய்துகொண்டிருந்தாலும் உடனே விலகிவிடுவேன். இன்னும் ஒரு நூலளவுதான் இருக்கிறது, முடித்துவிடலாம் என்று தோன்றும். அப்போதும் விலக வேண்டும். நிறுத்து என்றால் நிற்கும் என்று அவனுக்கு நம்பிக்கை வந்த பிறகுதான் அடுத்த படி நடந்தது. எங்களுக்குத் தெரிந்த எந்த வித்தையும் இதற்கு ஈடாகவில்லை.

பிறகு தொடுதல். ஈரத்துணியால் கன்னம், அப்புறம் இமைமேல், அப்புறம் இமை முடியை விரலால் தொடுவது. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணுவேன். மூணு சொன்னதும் என் விரல் எடுபட்டிருக்கும், நாலு வரவே வராது. எண்ணிக்கை மாறாமல் இருப்பதால் எப்போது முடியும் என்று அவனுக்குத் தெரியும், தெரிந்தால் பொறுத்துக்கொள்கிறான். இமையை விரலால் தூக்கிப் பிடிப்பது அடுத்தது. அதற்குப் பிறகு டாக்டர் சொன்ன செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு. முதலில் அதைத் தன் புறங்கையில் தானே விட்டுப்பார்த்தான், குளிர்ச்சியைத் தெரிந்துகொண்டான், முகர்ந்தும் பார்த்தான். பின்பு மூடிய கண்ணின் மூக்கோர மூலையில் ஒரு சொட்டு. கண்ணைத் திறந்ததும் அதுவாக உள்ளே போய்விடும்.

ஸ்க்லீரல் லென்ஸ் என்றால் இன்னும் இரண்டு பழக்கம் வேண்டும். மேசைமேல் படுக்க வைத்த கண்ணாடியை முகம் தரைக்கு நேராக இருக்கும்படி குனிந்து பார்ப்பது ஒன்று. லென்ஸைத் தாங்கும் பிளஞ்சர் என்ற சின்ன ரப்பர் குழாயை அறிமுகம் செய்வது இன்னொன்று. அதைக் கையில் கொடுத்து, நகத்தில் ஒட்டிப் பிடுங்கி விளையாட விடுங்கள். அந்த "டப்" சத்தம் அவனுக்குச் சிரிப்பு. விளையாடக் கொடுத்ததைத் தனியாக வையுங்கள், கண்ணுக்குப் புதியதை எடுக்க வேண்டும்.

எடுத்த போட்டோக்களை வரிசையாக ஒட்டி ஒரு சின்னப் புத்தகம் செய்யலாம்: பஸ், வாசல், நாற்காலி, நீல விளக்கு, கடைசியில் வீடு. "வலிக்கவே வலிக்காது" என்று மட்டும் அதில் எழுதாதீர்கள். கொஞ்சம் எரியும், மூணு எண்ணுவதற்குள் குறையும் என்பது போல நடக்கப்போவதை எழுதுங்கள். ஒரு பொய் பிடிபட்டால் மிச்ச பக்கத்தை அவன் நம்ப மாட்டான்.

ஒரு படியில் வாரக்கணக்கில் நின்றாலும் நில்லுங்கள். காய்ச்சல், தூக்கம் கெட்டது, ஊர்த் திருவிழா மைக் செட் என்று ஏதாவது இருந்தால் அன்றைக்கு லீவு.

லென்ஸ் பார்க்கும் நாளில் என்னென்ன நடக்கும்?

ஸ்கேனைப் பார்த்து, டிரே நிறைய இருக்கும் சோதனை லென்ஸ்களில் ஒன்றை எடுத்துக் கண்ணில் வைப்பார்கள். முதல் முறை மரத்துப்போகும் சொட்டு விட்டால் சில நொடி எரியும், முன்னாடியே சொல்லிவையுங்கள். ஸ்க்லீரல் என்றால் சலைன் மூக்கின்மேல் வழிந்து சட்டையில் சொட்டும். ஈரம் பிடிக்காத பிள்ளைக்கு உங்கள் வீட்டுத் துண்டைக் கழுத்தில் கட்டுங்கள், மாற்றுச் சட்டையும் எடுத்துப்போங்கள். பிறகு ஆரஞ்சு நிறச் சாயம் ஒன்று போட்டு நீல வெளிச்சத்தில் பார்ப்பார்கள், அது பச்சையாக ஒளிரும். லென்ஸ் எங்கே தொடுகிறது, எங்கே தள்ளி நிற்கிறது என்று அதில் தெரியும். கன்னத்தில் மஞ்சளாக ஒட்டும், கழுவினால் போய்விடும்.

லென்ஸ் கண்ணில் படிந்து உட்கார அரை மணி நேரமாவது விடுவார்கள். அந்த அரை மணிக்குத்தான் உங்கள் ஹெட்போன், பிடித்த வீடியோ, முறுக்கு எல்லாம். முறுக்கு தின்ற கை கண்ணுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று சரியில்லை என்றால் இன்னொன்று வைப்பார்கள். எத்தனை முறை மாற்றுவீர்கள் என்று முன்கூட்டியே கேட்டு, அத்தனை வட்டம் ஒரு தாளில் வரைந்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வரலாம். முடியவில்லையா, மிச்சத்தை இன்னொரு நாள் பார்க்கலாம். ஒரு கண் இன்று, இன்னொரு கண் அடுத்த மாதம் என்றாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

நாலு பேர் பிடித்துக்கொண்டு போட்டால் முடிந்துவிடும் என்கிறார்களே?

வேண்டாம். இறுக மூடிய இமையைப் பிரித்தால் கருவிழியில் கீறல் விழலாம். அதைவிட, லென்ஸ் தினமும் காலையில் போட்டு ராத்திரி எடுக்க வேண்டியது. தினமும் நாலு பேருக்கு எங்கே போவீர்கள்? ஒரு தடவை பிடித்து அமுக்கினால், வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே அலறும் பயம் வருஷக்கணக்கில் நிற்கும். அவசர நோய்க்குச் செய்யும் சிகிச்சை வேறு விஷயம். அவசரமில்லாத லென்ஸுக்கு "இன்றைக்குப் போதும், கிளம்புகிறோம்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

மயக்க மருந்து கொடுத்துப் போடலாமா?

ஸ்கேன், கண் பரிசோதனை, சி3ஆர் போன்றவற்றை மயக்கத்தில் செய்ய முடியும். அதே நேரத்தில் லென்ஸுக்கான அளவுகளையும் எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுவையுங்கள். ஆனால் லென்ஸ் விழித்திருக்கும்போது போடுவது, அதற்குப் பழக்கம்தான் வேண்டும்.

வீட்டில் யார் போடுவது?

தொடக்கத்தில் ஒருவரே போடுவது நல்லது. நகத்தை ஒட்ட வெட்டுங்கள், வளையலைக் கழற்றுங்கள், தைலம், மிளகாய், பூண்டு வாசம் போகும்வரை சோப்புப் போட்டுக் கழுவிச் சுத்தமான துணியில் துடையுங்கள். எனக்குப் பின்னால் நின்று போடுவது வசதி. முகத்துக்கு நேரே வரும் கை அவனை மிரட்டும். லென்ஸில் சலைன் நுரையில்லாமல் விளிம்புவரை நிற்க வேண்டும். உள்ளே காற்றுக்குமிழ் மாட்டினால் பார்வை மங்கி உறுத்தும், எடுத்துவிட்டுத் திரும்பப் போட வேண்டியதுதான்.

எடுக்கும்போது பிளஞ்சரை ஈரப்படுத்தி, லென்ஸின் ஓரத்தில் ஒட்டி, சாய்த்து விடுவித்து எடுக்க வேண்டும். நடுவில் ஒட்டி இழுக்கவே கூடாது. லென்ஸ் கண்ணில் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் பிளஞ்சரைக் கொண்டுபோக வேண்டும். லென்ஸ் ஏற்கெனவே விழுந்திருந்தால் பிளஞ்சர் வெறும் கருவிழியில் ஒட்டிக் காயமாகும்.

மெல்ல மெல்ல வேலையை அவன் கைக்கு மாற்றுங்கள். மூடியைத் திறப்பது, சலைன் ஊற்றுவது, கீழ் இமையைத் தானே இழுத்துப் பிடிப்பது. இப்போது என் தம்பி தானே எடுத்துவிடுகிறான், போட மட்டும் என்னைக் கூப்பிடுகிறான்: "அக்கா, மூணு."

சுத்தத்தில் எதில் கறாராக இருக்க வேண்டும்?

தண்ணீரில். குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், கேன் தண்ணீர், கொதித்து ஆறிய தண்ணீர் எதுவும் லென்ஸிலோ டப்பாவிலோ படக் கூடாது. அகந்தமீபா என்ற கிருமி தண்ணீரில் இருக்கிறது, அது கண்ணில் நுழைந்தால் மாதக்கணக்கில் பாடுபடுத்தும். வயல் வேலை நிறைந்த நம் பகுதியில் பூஞ்சையால் வரும் கருவிழிப் புண்ணும் அதிகம். லென்ஸைக் கழுவி ஊறவைக்க அதற்குரிய சொல்யூஷன், ஸ்க்லீரலை நிரப்ப ப்ரிசர்வேட்டிவ் சேராத சலைன். திறந்து மிஞ்சியதைச் சிக்கனம் பார்த்து நாளைக்கு வைக்காதீர்கள். டப்பாவை மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது மாற்றுங்கள். லென்ஸோடு தூங்கக் கூடாது, பஸ்ஸில் கண்ணயர்வதும் இதில் சேர்த்திதான்.

எண்ணெய்க் குளியல் அன்று குளித்து முடித்து எண்ணெய்ப் பிசுக்குப் போன பிறகே லென்ஸ். கண்மாய், கிணறு என்று நீச்சலுக்குப் போனால் லென்ஸ் வீட்டில் இருக்கட்டும். பெண் பிள்ளைக்கு மை தீட்டுவதென்றால் லென்ஸ் போட்ட பிறகு, இமை ஓரத்துக்கு வெளியே.

பாட்டி நந்தியாவட்டைப் பூ வைக்கச் சொல்கிறார். தாய்ப்பால், விளக்கெண்ணெய்?

மூடிய கண்மேல் குளிர்ந்த துணி வைக்கலாம். பூ, பால், எண்ணெய் எதுவும் கண்ணுக்குள் போக வேண்டாம், அதிலும் கருவிழி மெலிந்த கண்ணுக்குள். பாட்டியிடம் அன்பாகச் சொல்லி, அந்தக் குளிர்ந்த துணி வைக்கும் வேலையை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

வலித்தால் சொல்ல மாட்டானே. ஆபத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

தினமும் லென்ஸ் போடும் முன்பும் எடுத்த பின்பும் ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணைப் பாருங்கள். நல்ல நாளில் இரண்டு கண்ணையும் போட்டோ எடுத்துவைத்தால் ஒப்பிட உதவும். சிவப்பு, தொடர்ந்து நீர் வடிதல், வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்புவது, ஒரு கண்ணை மூடியே வைப்பது, கருவிழியில் வெள்ளைப் புள்ளி, வழக்கமான இடத்தில் தடுமாறுவது, காரணமில்லாத கோபம்: இவற்றில் எது இருந்தாலும் லென்ஸை எடுத்துவிட்டு அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள். நம் பிள்ளைகளில் சிலர் கடும் வலியிலும் சிரித்துக்கொண்டே இருப்பார்கள், அழவில்லை என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

கருவிழி திடீரென்று பால் மாதிரி வெளுத்து, பார்வை மங்கி, நீர் கொட்டினால் அது ஹைட்ராப்ஸ் ஆக இருக்கலாம். கருவிழியின் உட்படலம் கிழிந்து நீர் உள்ளே இறங்குவது. கண்ணை விடாமல் கசக்குகிறவர்களுக்கு இந்த வாய்ப்பு அதிகம். உடனே கிளம்ப வேண்டும்.

லென்ஸ் போட்டு நன்றாகத் தெரிகிறது, ஆனால் பிள்ளை இன்னும் பதறுகிறானே?

எதிர்பார்க்க வேண்டியதுதான். இத்தனை நாள் மங்கலாக இருந்த உலகம் ஒரே நாளில் கூர்மையாகிவிட்டது. சுவர் விரிசல், கொசு, எதிரே இருப்பவர் முகத்து மரு எல்லாம் ஒன்றாக வந்து மோதும். தம்பி முதல் வாரம் மின்விசிறியின் இறக்கையில் இருந்த தூசியையே காட்டிக்கொண்டிருந்தான். துடைத்த பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தான். முதலில் அவனுக்குப் பழகின அறையில், பிடித்த வேலைக்கு மட்டும் போடுங்கள். சில மணி நேரத்தில் தொடங்கி, டாக்டர் சொன்ன கணக்கில் கூட்டுங்கள். கடைவீதிக்கும் கல்யாணத்துக்கும் அப்புறம் போகலாம். லென்ஸ் போட்டால் அவனுக்கு எது சுலபமாகிறது என்று கண்டுபிடித்து அதோடு சேர்த்துவிடுங்கள். கேரம் காய் குழியில் விழுவது இவனுக்கு இப்போது தெரிகிறது, அதனால் அவனே லென்ஸ் டப்பாவைத் தேடுகிறான்.

செலவுக்கு உதவி உண்டா?

லென்ஸ் வகையைப் பொறுத்து விலை மிகவும் மாறும். உடைந்தால், தொலைந்தால் மறுபடி செய்ய என்ன ஆகும் என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் சேர்ந்திருக்கிறது, யூடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை வாங்கிவிடுங்கள். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை (நேஷனல் டிரஸ்ட்) நடத்தும் நிராமயா காப்பீடு ஆட்டிசம் உள்ளவர்களுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு உண்டு. லென்ஸ் செலவு அதில் எப்படி வரும் என்று சேரும்போதே கேளுங்கள். விவரத்துக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் போகலாம்.

18 வயது முடிந்துவிட்டது. கையெழுத்து யார் போடுவது?

18 ஆனதும் பெற்றோர் தானாகவே சட்டப்படியான காப்பாளர் ஆகிவிட மாட்டார்கள். தேவைப்பட்டால் 1999-ம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் காப்பாளராக விண்ணப்பிக்கலாம். சி3ஆர் போன்ற சிகிச்சை வரப்போகிறது என்றால் முன்பே தொடங்குங்கள். காப்பாளர் இருந்தாலும் பிள்ளையிடம் படம் காட்டி விளக்கிச் சம்மதம் கேட்பதை விட்டுவிடாதீர்கள், டாக்டரும் அவனைப் பார்த்தே பேசும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாம் செய்தும் போடவே மாட்டேன் என்கிறான். என்ன செய்வது?

நிறுத்திவிட்டுச் சில மாதம் கழித்துப் பாருங்கள். இந்த வருஷம் முடியாதது அடுத்த வருஷம் முடிவதை நான் பார்த்திருக்கிறேன். வேறு வகை லென்ஸ் கேளுங்கள், ஒரு கண்ணுக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். அதுவரை கிடைக்கிற அளவு கண்ணாடி, பெரிய எழுத்து, படிக்கு மஞ்சள் பெயிண்ட், நல்ல விளக்கு. கருவிழி மாற்று அறுவை சிகிச்சை என்றும் ஒன்று இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகும் கசக்காமல் இருக்க வேண்டும், நீண்ட காலம் சொட்டு மருந்து போட வேண்டும், பலருக்கு அப்போதும் லென்ஸோ கண்ணாடியோ வேண்டியிருக்கும். அதனால் அவசரப்பட்டு அதற்குள் இறங்க வேண்டாம். லென்ஸ் போடாத பிள்ளைக்கும் டாக்டர் சொன்ன இடைவெளியில் ஸ்கேன் எடுக்க வேண்டும், வளர்கிறதா நிற்கிறதா என்று அதில்தான் தெரியும். அந்தத் தேதியை காலண்டரில் குறித்துவையுங்கள்.